பாலத்துக்குக் கீழே ஓர் ஊர் இருக்கிறது

தாம்பரம் மாநகராட்சி மாமன்ற உறுப்பினர்கள் எழுபது பேருக்கும்,



பெருங்களத்தூரில் ஏறினால் செங்கல்பட்டுப் பக்கம் போய் இறங்கிக்கொள்ளலாம், சுமார் 27 கிலோமீட்டருக்குச் சிக்னல் கிடையாது, சந்திப்பு கிடையாது என்று ஓர் உயர்மட்டச் சாலைத் திட்டம் பல வருஷமாகப் பேச்சில் இருக்கிறது. ஒவ்வொரு பொங்கலுக்கும் தீபாவளிக்கும், சென்னையிலிருந்து தெற்கே போகும் ஜி.எஸ்.டி. சாலை உறைந்துபோகும்போது செய்தித்தாள்கள் அதைத் தூசி தட்டி எடுத்துப் போடும். இன்னொரு பக்கம், விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை 15.46 கிலோமீட்டருக்கு 13 நிலையங்களோடு மெட்ரோ ரயில் வரப்போகிறது என்கிறார்கள். இரண்டும் வரட்டும். ஆனால் இவற்றின் தூண்கள் எங்கே ஊன்றப்படும், சாய்தளங்கள் எந்தத் தெருமுனையில் வந்து இறங்கும், கீழே மிஞ்சும் சாலை யாருக்கு என்பதெல்லாம் வரைபடத்திலேயே முடிவாகிவிடும். அந்த வரைபடம் போடும் மேசையில் உங்களுக்கு நாற்காலி கிடையாது. அதைக் கேட்டு வாங்குங்கள் என்று சொல்லத்தான் இந்த மடல்.

நான் சேலையூர்வாசி. பாலமே கூடாது என்று கொடி பிடிக்கிறவன் இல்லை. திருச்சிக்குப் போகிற லாரி தாம்பரத்தில் காய்கறி வாங்க வருகிறவரோடு முட்டி மோதிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை என்பதில் எனக்கும் உடன்பாடுதான். என் கேள்வி வேறு. தாண்டிப் போகிறவர்களுக்குச் சாலை போடும்போது, வந்து சேர்கிறவர்களுக்கும் இங்கேயே வாழ்கிறவர்களுக்கும் என்ன போடப்போகிறோம்? இந்தக் கேள்வியை நெடுஞ்சாலைப் பொறியாளர் கேட்க மாட்டார். அவருக்குக் கொடுத்த வேலை அதில்லை. நீங்கள்தான் கேட்க வேண்டும்.

இந்த ஊர் வளர்ந்த விதத்தைக் கொஞ்சம் பாருங்கள். காசநோய்க்கு நல்ல காற்று வேண்டும் என்று சானடோரியம் வந்தது. 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937-இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி நகர நெரிசலை விட்டு இங்கே இடம் பெயர்ந்தது. விமானப்படைத் தளம் வந்தது, 1984-இல் மெப்ஸ் ஏற்றுமதி மண்டலம் வந்தது, மறு வருஷம் வண்டலூரில் உயிரியல் பூங்கா. ஒவ்வொருவரும் சென்னைக்கு வெளியே காலி இடம் தேடி வந்தவர்கள். அந்தக் காலி இடத்தில்தான் இன்று பத்து உள்ளாட்சிகளைச் சேர்த்து ஒரு மாநகராட்சி உட்கார்ந்திருக்கிறது. 2021 நவம்பர் 3-ஆம் தேதி தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்ற ஐந்து நகராட்சிகளும், சிட்லப்பாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை என்ற ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றாயின. பெயர்ப்பலகை மாறிவிட்டது. சாலை மட்டும் இன்னும் சென்னையிலிருந்து தப்பித்து ஓடுகிறவனுக்காகப் போட்ட சாலையாகவே இருக்கிறது.

"பெருங்களத்தூர்ல ஏறிக்கிறேன்." சென்னையில் வேலை பார்க்கும் தென்மாவட்டத்துக்காரர் யாரைக் கேட்டாலும் இந்த வாக்கியத்தைச் சொல்லியிருப்பார். கிளாம்பாக்கம் வருவதற்கு முன்னால், பண்டிகைக்கு முந்தைய சாயங்காலம் அங்கே நின்று பார்த்திருப்பீர்கள். ஆயிரக்கணக்கான பேர் சாலை ஓரத்தில், சாலை ஓரம் போதாமல் சாலையிலேயே, பையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். பஸ் வருகிறதா என்று பார்க்க ஒவ்வொருவரும் ஓர் அடி முன்னே வைப்பார்கள். அதனால் கூட்டம் மெல்ல மெல்ல ஒரு தடத்தை விழுங்கும். பஸ் ஓரம் கட்ட இடமில்லாமல் இரண்டாவது தடத்தில் நிற்கும். அதைச் சுற்றிக்கொண்டு போக ஆட்டோ மூன்றாவது தடத்துக்குப் போகும். கைக்குழந்தையோடு நிற்கிற பெண்ணுக்கு உட்காரத் திண்ணை இருக்காது, கழிப்பறைக்கு ஓட்டலில்தான் கெஞ்ச வேண்டும். சாலை அங்கே அகலமில்லாமல் இல்லை. அத்தனை பெரிய கூட்டம் ஏறி இறங்கிய இடத்தை எவருமே ஓர் 'இடம்' என்று கணக்கில் எடுக்காததுதான் சிக்கல். நெடுஞ்சாலைத் துறையின் கண்ணில் அது வண்டி போகும் வழி. போக்குவரத்துக் கழகத்தின் கண்ணில் அது ஒரு நிறுத்தம். உள்ளாட்சியின் கண்ணில் அது நெடுஞ்சாலைத் துறையின் சமாச்சாரம்.

இதற்கு விடையாகத்தான் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் வந்தது என்பீர்கள். வந்தது. 88.52 ஏக்கரில், சுமார் 394 கோடி ரூபாயில், 2023 டிசம்பர் 30 அன்று திறந்தார்கள். உள்ளே போனால் நன்றாகவே இருக்கிறது. குறை சொன்னால் வாய் கூசும். ஆனால் திறந்த நாளில் ரயில் நிலையம் இல்லை. ஜி.எஸ்.டி. சாலையைக் கடந்து ரயிலடிக்குப் போக ஆகாய நடைபாதை இல்லை. கோயம்பேட்டிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தெற்கே பேருந்து முனையத்தை நகர்த்திவிட்டு, அதற்கு வந்து சேரும் வழியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். விளைவை அனுபவித்தவர்களுக்குத் தெரியும். மதுரையிலிருந்து இரவெல்லாம் பயணம் செய்து காலை நாலரை மணிக்கு இறங்கிய முதியவர், கிளாம்பாக்கம் வரை கொடுத்த பஸ் கட்டணத்தோடு போட்டி போடுகிற தொகையை அங்கிருந்து வீட்டுக்குப் போக ஆட்டோவுக்குக் கேட்கிறார்கள் என்று வாசலிலேயே திகைத்து நிற்பார்.

கட்டடத்தை முதலில் கட்டி வழியைப் பிறகு போடும் இந்தப் பழக்கம் உங்கள் மாநகராட்சி எல்லைக்குள் வந்துவிடக் கூடாது என்பதற்காகவே கிளாம்பாக்கத்தை இங்கே இழுத்தேன். அந்த முனையம் 2021-இல் வரைந்த உங்கள் எல்லைக்கு வெளியே இருக்கிறது. ஆனால் அங்கே போய்வருகிற வண்டிகளில் பல உங்கள் எல்லைக்குள்தான் ஓடுகின்றன.

இனி தண்டவாளத்துக்கு வருகிறேன். இந்த மடலில் ஒரே ஒரு பத்தியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் அடுத்த பத்தியைப் படியுங்கள்.

தாம்பரத்தின் நெரிசலில் கணிசமான பங்கு வடக்கு தெற்காகப் போகிறவர்களால் வருவதில்லை. கிழக்கிலிருந்து மேற்கே போக வேண்டியவர்கள் வேறு வழியின்றி ஜி.எஸ்.டி. சாலையில் ஏறி இறங்குவதால் வருகிறது. ரயில் பாதை ஊரை இரண்டாகப் பிளந்துவிட்டது. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம் எல்லாம் ஒரு பக்கம். முடிச்சூர் சாலை, சண்முகம் சாலைக் கடைவீதி, காய்கறிச் சந்தை எல்லாம் மறு பக்கம். காகம் பறக்கிற தூரம் பார்த்தால் அதிகமில்லை. ஆனால் கேம்ப் ரோட்டிலிருந்து இரு சக்கர வண்டியில் கிளம்பி சண்முகம் சாலைக்குப் போகிறவர் தாம்பரம் மேம்பாலத்தை நம்பித்தான் ஆக வேண்டும். அந்த ஒரே பாலத்தை வேளச்சேரியிலிருந்து வருகிற கார், மெப்ஸுக்குப் போகிற கம்பெனி பஸ், ஆம்புலன்ஸ், பள்ளி வேன், தண்ணீர் லாரி எல்லாமும் நம்பியிருக்கின்றன. நடந்து போகிறவர்களுக்கு ரயில் நிலைய நடைமேம்பாலமும் சுரங்கப்பாதையும். கையில் காய்கறிப் பையோடு படியேறுகிற அம்மாக்களை மாலை ஆறு மணிக்குப் பார்த்தால், ஒரு மாநகராட்சியின் இரண்டு பாதிகளை இணைப்பது இந்தப் படிக்கட்டுதானா என்று உறைக்கும்.

பெருங்களத்தூரில் ரயில் பாதையைத் தாண்டுகிற மேம்பாலம் எப்படி வந்தது என்று நினைத்துப் பாருங்கள். ஒரு கை 2022-இல் திறந்தது. மற்ற கைகள் ஒவ்வொன்றாகக் காத்துக் கிடந்தன. ரயில்வே தன் பங்கைக் கட்ட வேண்டும், நெடுஞ்சாலைத் துறை தன் பங்கைக் கட்ட வேண்டும், நில எடுப்பு முடிய வேண்டும், வனத்துறை சம்மதிக்க வேண்டும். குரோம்பேட்டை ராதா நகர் சுரங்கப்பாதை எத்தனை தேர்தல் வாக்குறுதிகளைப் பார்த்தது என்று அந்தப் பகுதி உறுப்பினர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இவையெல்லாம் சின்ன வேலைகள். சின்ன வேலைகள் என்பதாலேயே பின்னுக்குத் தள்ளப்பட்டவை. 27 கிலோமீட்டர் உயர்மட்டச் சாலைக்குப் பூமி பூஜை போட அமைச்சர்கள் வருவார்கள். ஒரு சுரங்கப்பாதையில் மழைநீர் வடியப் பம்பு வைக்க யார் வருவார்கள்?

ஆகவே முதல் வேண்டுகோள். எந்த உயர்மட்டச் சாலைக்கும் மாமன்றம் வரவேற்புத் தீர்மானம் போடுவதற்கு முன்னால், பல்லாவரம் முதல் பெருங்களத்தூர் வரை ரயில் பாதையை எங்கெங்கே வண்டியும் ஆளும் கடக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் போடுங்கள். 2022-இல் பகுதி சபைகள் என்று ஆரம்பித்தார்களே, அவற்றுக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. எந்தத் தெருக்காரர் எங்கே கடக்கிறார், எங்கே தண்டவாளத்தில் இறங்கி உயிரைப் பணயம் வைக்கிறார் என்பது அந்தந்தத் தெருக்காரருக்குத்தான் தெரியும். ஆலோசனை நிறுவனத்தின் கேமராவுக்குத் தெரியாது. அது வண்டிகளைத்தான் எண்ணும். கடக்க முடியாமல் திரும்பிப்போன கிழவியை எண்ணாது.

அடுத்தது, சாலையின் குறுக்கே நடப்பது. இரும்புலியூர் தாண்டி வண்டலூர் வரை ஜி.எஸ்.டி. சாலையை எட்டு வழியாக அகலப்படுத்தினார்கள். ஒரு தடத்துக்கு மூன்றரை மீட்டர் என்றால் எட்டுத் தடத்துக்கு 28 மீட்டர். மீடியனும் ஓரங்களும் சேர்ந்தால் 30 மீட்டருக்கு மேல். நல்ல கால் உள்ளவர் நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார். அவருக்கே 25 நொடி வேண்டும். முழங்கால் வலிக்காரருக்கு நாற்பது நொடி பிடிக்கும். அவ்வளவு நேரம் சிக்னலைச் சிவப்பில் வைக்க எந்தப் போக்குவரத்துக் காவலரும் துணிய மாட்டார். பின்னால் ஹாரன் காதைப் பிளந்துவிடும். அதனால் ஜனங்கள் மீடியன் கம்பிவேலியில் இருக்கிற இடைவெளியில் நுழைந்து ஓடுகிறார்கள். வேலியை அடைத்தால் கம்பியை வளைத்து வழி பண்ணிக்கொள்கிறார்கள். வளைந்த அந்தக் கம்பிகளைப் பார்க்கும்போது எனக்கு ஒழுங்கீனம் தெரிவதில்லை, ஒரு கோரிக்கை மனு தெரிகிறது. எங்கெல்லாம் கம்பி வளைந்திருக்கிறதோ அங்கெல்லாம் கடக்கும் வழி தேவை. சர்வே எடுக்கக் காசு கூடச் செலவாகாது.

நடைபாதைக்குக் குறைந்தது 1.8 மீட்டர் இடைஞ்சலில்லாத அகலம் வேண்டும் என்று இந்திய சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதலே சொல்கிறது. சானடோரியம் முதல் இரும்புலியூர் வரை ஒரு முறை நடந்து பார்த்துவிட்டு, எத்தனை மீட்டருக்கு அந்த அகலம் கிடைத்தது என்று நீங்களே சொல்லுங்கள். கட்சி வேட்டியில் வேண்டாம். கூட்டம் வழி விட்டுவிடும்.

இப்போது உயர்மட்டச் சாலைக்கு வருகிறேன். பெங்களூரில் ஓசூர் சாலை மேலே எலக்ட்ரானிக் சிட்டிக்கு ஓர் உயர்மட்டச் சாலை 2010-இல் திறந்தார்கள், கிட்டத்தட்ட பத்து கிலோமீட்டர். மேலே வண்டி பறக்கிறது, உண்மை. ஆனால் பறந்து வந்த வண்டியெல்லாம் இறங்கிப் போய்ச் சேர்வது சில்க் போர்டு சந்திப்புக்கு. அந்தப் பெயரைச் சொன்னால் பெங்களூர்க்காரர் முகம் சுளிப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். நெரிசல் கரையவில்லை, பாலம் முடிகிற இடத்துக்கு நகர்ந்தது. நம் பாலம் பெருங்களத்தூரில் தொடங்குமானால், தெற்கேயிருந்து வேகமாக வந்து சேர்கிற அத்தனை வண்டியையும் அது எங்கே கொண்டுவந்து கொட்டும்? இரும்புலியூரில். அங்கே ஏற்கெனவே மதுரவாயல் பைபாஸ் வண்டிகளும் ஜி.எஸ்.டி. வண்டிகளும் ஒன்றுக்கொன்று வழி விடாமல் நிற்கின்றன. பாலத்தின் வடக்கு முனை எங்கே என்பதுதான் தாம்பரத்துக்கு வாழ்வா சாவா. ஆனால் பொதுவில் பேசப்படுவதெல்லாம் அதன் நீளம்.

பாலத்திலிருந்து ஊருக்குள் இறங்கும் சாய்தளங்களும் அப்படித்தான். ஆறு மீட்டர் உயரத்திலிருந்து முப்பதுக்கு ஒன்று என்ற சரிவில் இறங்க 180 மீட்டர் வேண்டும். வளைவும் சேரும் இடமும் சேர்ந்தால் இருநூறைத் தாண்டும். அதன் கீழ்ப்பாதி பாதுகாப்புச் சுவர் கட்டி மண் கொட்டியதாக இருக்கும். அந்தச் சுவர் எவர் கடை முன்னால் எழுகிறதோ அவர் கடைக்கு எதிர்ச்சாரியிலிருந்து ஆள் வராது. எந்தத் தெருவின் வாயில் எழுகிறதோ அந்தத் தெரு முட்டுச்சந்து. இது கட்டி முடித்தபின் மனு கொடுத்து மாற்றக்கூடிய சங்கதி இல்லை.

தூண் நட்டபின் வேலை நின்றுபோனால் என்ன ஆகும் என்பதற்கும் நம் பக்கத்திலேயே சாட்சி உண்டு. துறைமுகம் மதுரவாயல் பறக்கும் சாலைக்குக் கூவத்தில் நட்ட தூண்கள், 2012-இல் வேலை நின்றபின் எத்தனை வருஷம் மொட்டையாக நின்றன என்பது பூந்தமல்லி நெடுஞ்சாலையில் போகிற எவருக்கும் மனப்பாடம். 2022-இல்தான் மறுபடி அடிக்கல் நாட்டினார்கள். அங்கே தூண்கள் ஆற்றில் நின்றன. இங்கே நின்றால் ஊர் நடுவில் நிற்கும்.

இத்தனையும் சொன்னது பாலத்தைத் தடுப்பதற்கு அல்ல, நிபந்தனை போடுவதற்கு. நாக்பூரில் வார்தா சாலையில் கீழே சாலை, நடுவே வாகன மேம்பாலம், அதன் மேலே மெட்ரோ என்று மூன்றையும் 3.14 கிலோமீட்டருக்கு ஒரே தூண் வரிசையில் ஏற்றியிருக்கிறார்கள். மெட்ரோ நிறுவனமும் தேசிய நெடுஞ்சாலை ஆணையமும் சேர்ந்து உட்கார்ந்து செய்த வேலை அது. நம் மெட்ரோவுக்கு ஒரு வரிசைத் தூண், உயர்மட்டச் சாலைக்கு இன்னொரு வரிசைத் தூண் என்று இரண்டு இலாகாவும் தனித்தனியாக வந்தால், கீழே இருக்கும் சாலையில் பஸ் நிற்க இடம் இருக்காது. இரு தரப்பையும் ஒரே அறையில் உட்காரவைத்தாக வேண்டும்.

கீழே இருக்கும் சாலை என்று சொன்னேனே, அதுதான் விஷயத்தின் மையம். தாண்டிப் போகிறவர்கள் மேலே போய்விட்டால் கீழ்ச்சாலை ஊர்ச்சாலையாக மாற வேண்டும். அதைப் பழையபடி நெடுஞ்சாலையாகவே வைத்திருந்தால் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு நெடுஞ்சாலை ஆகும். ஊருக்கு ஒன்றும் மிஞ்சாது. மேலே சுங்கம் வைப்பார்களா என்பதை இப்போதே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பரனூர் சுங்கச்சாவடியில் ஒரு முறை கட்டுகிறவர் பெருங்களத்தூரில் இன்னொரு முறை கட்டுவாரா? கட்ட மாட்டார். லாரிக்காரர் கீழேயே வருவார். காசு உள்ளவருக்கு மேலே பாலம், காசு இல்லாதவருக்குக் கீழே நெரிசல், நடக்கிறவருக்கு இரண்டும் இல்லை என்றாகிவிடும்.

கீழ்ச்சாலையில் ஆளுக்கு ஆள் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தடத்தில் மணிக்கு 1,500 கார்கள் தடையில்லாமல் போவதாகவே வைத்துக்கொள்வோம். காருக்கு ஒன்றரை ஆள் என்றால் 2,250 பேர். அதே தடத்தில் நிமிடத்துக்கு ஒரு மாநகரப் பேருந்து, பேருந்துக்கு ஐம்பது பேர் என்றால் 3,000 பேர். நம்மூர் பஸ் ஐம்பது பேரோடு ஓடுவது கூட்டமே இல்லாத நாளில்தான். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அந்தப் பேருந்துக்காகக் காத்திருக்கும் பெண்கள் எங்கே நிற்கிறார்கள்? மெப்ஸ் நிறுத்தத்தில் ஷிப்ட் முடிகிற நேரத்தில் போய்ப் பாருங்கள். ஷேர் ஆட்டோக்கள் நிறுத்தத்தை அடைத்துக்கொள்ள, பஸ் நடுச்சாலையில் நிற்க, ஓடிப் போய் ஏறுகிறார்கள். உங்களில் பாதிப் பேர் பெண்கள். இதை நான் விளக்க வேண்டியதில்லை. கீழ்ச்சாலையின் ஒரு தடம் பேருந்துக்கு, ஷேர் ஆட்டோவுக்கு என்று தனியாக ஓர் ஒதுக்கம், நிறுத்தத்துக்கு நேராகக் கடக்கும் வழி. இவ்வளவுதான் கேட்கிறேன். விமானத் தொழில்நுட்பம் கேட்கவில்லை.

வியாபாரிகள் கோபித்துக்கொள்வார்கள் என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. கடை வாசலில் வண்டி நிறுத்த முடியாவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்பது அவர்கள் பயம். அந்தப் பயம் பொய்யில்லை. ஆனால் சண்முகம் சாலையில் தீபாவளிக்குத் துணி எடுக்க வருகிற கூட்டத்தில் எத்தனை பேர் காரில் வருகிறார்கள்? ரயிலில் இறங்கி, பஸ்ஸில் இறங்கி, நடந்து வருகிறவர்களால்தான் அந்தத் தெரு பிழைக்கிறது. வண்டி நிறுத்தத்துக்குத் தனியிடம் தேடித்தருவது மாநகராட்சியின் கடமை. அதைச் செய்யாமல் நடைபாதையைக் கடைக்கு விட்டுக்கொடுப்பது கடைக்காரருக்கும் லாபமில்லை.

யாரிடமும் கெஞ்சாமல் நீங்களே செய்யக்கூடிய வேலை ஒன்றும் இருக்கிறது. அகரம்தென் பக்கம், மாடம்பாக்கம் பக்கம், முடிச்சூர் பக்கம் எங்கே போனாலும் புது மனைப்பிரிவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரே வாய், அதுவும் பிரதான சாலையில். பக்கத்து மனைப்பிரிவுக்குப் போக வேண்டுமென்றாலும் பிரதான சாலைக்கு வந்துதான் போக வேண்டும். நடுவில் ஒரு மதில். குழந்தையைப் பக்கத்துத் தெருப் பள்ளியில் விட ஒரு தாய் வேளச்சேரி சாலையில் ஏறி இறங்குகிறாள். காலையில் அந்தச் சாலையில் முட்டுகிற ஸ்கூட்டர்களில் எத்தனை இப்படி வந்தவை! மனைப்பிரிவுகளுக்கு இடையே இணைப்புத் தெருக்களைத் திறப்பது, விட்டுப்போன திட்டச்சாலைகளை மீட்பது, மனைப்பிரிவுக்கு அனுமதி தருகிறபோதே இரண்டாவது வாயைக் கேட்பது, இவற்றுக்குக் கோடிக்கணக்கில் பணம் வேண்டாம். நகரமைப்புப் பிரிவு அதிகாரியோடு உட்கார்ந்து வார்டு வரைபடத்தைப் பார்க்கிற பொறுமை வேண்டும். மதில் எழுப்பிய நலச்சங்கத் தலைவரைப் பகைத்துக்கொள்கிற துணிச்சலும் வேண்டும். கிழக்குப் புறவழிச்சாலை என்று நெடுநாளாகப் பேசுகிறார்கள்; அது வருகிறபோது வரட்டும். இந்தச் சின்னத் தெருக்கள் திறந்தால் பிரதான சாலைகள் அன்றைக்கே மூச்சு விடும்.

தண்ணீரையும் மறக்காதீர்கள். 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் படகு விட்டோம். வண்டலூர்க் குன்றுப் பக்கம் பெய்கிற மழை மேற்கே அடையாற்றை நோக்கிப் போக வேண்டுமானால் சாலையையும் தண்டவாளத்தையும் தாண்டியாக வேண்டும். ஒவ்வொரு முறை சாலையை அகலப்படுத்தும்போதும் அதன் அடியில் இருக்கும் சிறுபாலங்கள் அகலமாயினவா என்று யார் பார்த்தார்கள்? சாலை மேடாகி வீடுகளுக்குள் தண்ணீர் புகாமல் இருக்க, பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுத் தார் போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளரே உத்தரவிட்டார். போடுகிற இரவில் போய் நிற்கிற உறுப்பினர் இருக்கிற வார்டில்தான் அது நடக்கும்.

கடைசியாக, யாரிடம் கேட்பது என்ற கேள்வி. ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு பகுதி தேசிய நெடுஞ்சாலை ஆணையத்திடம், ஒரு பகுதி மாநில நெடுஞ்சாலைத் துறையிடம். தண்டவாளம் ரயில்வேயிடம், பேருந்து போக்குவரத்துக் கழகத்திடம், சிக்னல் 2022-இல் வந்த தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகத்திடம், தெருவிளக்கு உங்களிடம். இவர்களை ஒருங்கிணைக்கவே சட்டம் போட்டு உருவாக்கிய கும்டா என்ற போக்குவரத்துக் குழுமம் இருக்கிறது. சட்டம் 2010-இல் வந்தது, குழுமம் நிஜமாக உட்கார்ந்து வேலை பார்க்க ஒரு மாமாங்கம் ஆனது. ஆனாலும் இப்போது இருக்கிறது. சி.எம்.டி.ஏ.வின் மூன்றாவது முழுமைத் திட்டம் 2027 முதல் 2046 வரைக்கானது. இருபது வருஷத்துக்கு நம் தலையெழுத்து அது. தனியொரு உறுப்பினர் எழுதும் கடிதத்தை அங்கே கோப்பில் வைத்துக் கட்டிவிடுவார்கள். எழுபது பேர் கட்சி பாராமல் நிறைவேற்றிய தீர்மானத்தை அப்படிக் கட்டிவைப்பது கஷ்டம்.

தீர்மானத்தில் இருக்க வேண்டியது இவ்வளவுதான்: தாம்பரம் எல்லைக்குள் வரும் எந்த உயர்மட்டச் சாலைக்கும் மெட்ரோவுக்கும் ஒரே கூட்டு வரைபடம் வேண்டும், சாய்தளங்களின் இடம் மாமன்றத்தின் முன் வைத்துப் பேசப்பட வேண்டும், கிழக்கு மேற்கு ரயில் கடவைகள் உயர்மட்டச் சாலைக்கு முன்போ அதனுடனோ முடிய வேண்டும், பின்பு என்ற பேச்சே கூடாது, கீழ்ச்சாலை பேருந்துக்கும் நடப்பவருக்கும் முன்னுரிமை தந்து மறுபடி வடிவமைக்கப்பட வேண்டும், சிறுபாலங்களின் அகலம் திட்ட அறிக்கையிலேயே வர வேண்டும்.

அடுத்த மாமன்றக் கூட்டத்தின் அஜெண்டாவில் இதைச் சேருங்கள். கூட்டம் நடக்கும் நாளில் பார்வையாளர் வரிசையில் நாங்கள் இருப்போம்.

இப்படிக்கு,
சேலையூரிலிருந்து உங்கள் வாக்காளர் ஒருவர்